வாசலை மறைத்தவரும் தெருவை நகர்த்தியவரும்

தெற்குப் பிரான்சில், அவிஞோன் நகருக்கு அருகே இசார் காட்டை ஒட்டி ஒரு மணல்வெளி. பெம்பெக்ஸ் என்னும் குளவிகள் அங்கே வளை தோண்டி வாழ்ந்தன. கூட்டமாகக் கூடு கட்டும் குளவிகள் அல்ல இவை. ஒவ்வொரு தாயும் தன் வளையைத் தானே தோண்டி, தன் புழுவைத் தானே வளர்ப்பவள். ஈக்களை வேட்டையாடி நாள்தோறும் கொண்டுவந்து ஊட்டுவாள். வெளியே கிளம்பும்போதெல்லாம் மணலைத் தள்ளி வாசலை மூடிவிடுவாள். மூடிய இடம் எது, பக்கத்து மணல் எது என்று மனிதக் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஈயோடு திரும்பும் தாய் கொஞ்சமும் தேடாமல் நேராக இறங்கி, சரியாக அந்த இடத்தையே தோண்டுவாள்.

இது எப்படி முடிகிறது என்று கேட்டவர் ழான் ஆன்ரி ஃபாப்ர். 1823-ல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர், வாழ்நாளின் பெரும்பகுதி பணமுடையில் கழிந்தவர். தாய் வெளியே போயிருந்த நேரத்தில் வாசல்மேல் உள்ளங்கை அகலத் தட்டைக் கல் ஒன்றை வைத்தார். குளவி வந்து அந்தக் கல்லின்மேலேயே இறங்கியது. கல்லை எடுத்துவிட்டு, கோவேறு கழுதையின் சாணத்தை உதிர்த்துப் பரப்பினார். தரையின் நிறம், தோற்றம், மணம் எல்லாமே மாறிப்போயின. குளவி அதன்மேல் இறங்கி, சாணத்தைக் கிளறி உள்ளே போனது. அடுத்து ஈதரில் நனைத்த பாசியை வைத்து மூடிப் பார்த்தார். உணர்கொம்புகளை வெட்டியும் பார்த்தார். குளவி வழி தவறவில்லை. கண்ணும் மூக்கும் இதற்குக் காரணமல்ல. மனிதரிடம் இல்லாத ஏதோ ஓர் இடவுணர்வு இந்தப் பூச்சிக்கு இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார் ஃபாப்ர்.

இதே கேள்வியை ஏறக்குறைய இரண்டு தலைமுறை கழித்து, வேறொரு மணல்வெளியில், வேறொரு குளவியிடம் கேட்டார் நிகோ டின்பெர்கன். 1907-ல் ஹேக் நகரில் பிறந்து லைடன் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவர். நெதர்லாந்தின் ஹுல்ஸ்ஹோர்ஸ்ட் மணல்மேடுகளில், தேனீக்களை மட்டுமே வேட்டையாடும் ஃபிலாந்தஸ் குளவிகள் நூற்றுக்கணக்கில் வளை தோண்டியிருந்தன. ஒவ்வொரு குளவியின் முதுகிலும் வண்ணப் புள்ளி இட்டு, எது யாருடைய வளை என்று அடையாளம் வைத்துக்கொண்டார். முதலில் ஒரு வளையைச் சுற்றிக் கிடந்த சருகு, குச்சி, பைன் ஊசிகளைக் கலைத்துப் பெருக்கிவிட்டார். வளை வாசலைத் தொடவில்லை. தேனீயைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு திரும்பிய குளவி வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் இன்று பாடப்புத்தகங்களில் படமாக வருவது. குளவி வளைக்குள் இருக்கும்போது வாசலைச் சுற்றி இருபது பைன் காய்களை வட்டமாக அடுக்கினார். வெளியே வந்த குளவி உடனே போய்விடவில்லை. வளைக்கு மேலே சில நொடிகள் வளையவளையப் பறந்து, சுற்றுப்புறத்தைப் பார்த்துவிட்டுப் பிறகே வேட்டைக்குக் கிளம்பியது. அது போனதும் வட்டத்தை அப்படியே ஓரடி தள்ளி வைத்தார். குளவி திரும்பி வந்து பைன் காய் வட்டத்தின் நடுவில், வளையே இல்லாத வெறும் மணலில் இறங்கியது. காய்களைப் பழைய இடத்தில் வைத்ததும் வளைக்குப் போனது. காய்களின் வாசனைதான் வழிகாட்டியோ என்ற ஐயத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. பைன் எண்ணெய் தடவிய அட்டைகளை வளையருகே வைத்து, மணமற்ற வட்டத்தைத் தள்ளி வைத்தபோது, குளவி மணத்தைப் பொருட்படுத்தாமல் வட்டத்துக்கே போனது. வழிகாட்டியது கண்தான்.

இந்த இரு சோதனைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் ஃபாப்ர் எங்கே பாதை விலகினார் என்பது துலங்குகிறது. அவர் செய்த மாற்றங்கள் எல்லாம் வாசலில். கல், சாணம், ஈதர் எல்லாம் வாசலை மறைத்தன. சுற்றியிருந்த புதர்களும் கூழாங்கற்களும் மேடுபள்ளங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. தெரு மாறாதிருக்கும்போது கதவுக்கு வேறு வண்ணம் பூசினால் வீட்டுக்காரர் வழி தவறுவதில்லை. டின்பெர்கன் கதவைத் தொடாமல் தெருவை நகர்த்தினார். பிழை ஃபாப்ரின் கண்ணில் இல்லை. அவர் பதிவு செய்தது அத்தனையும் சரி. குளவி பார்ப்பது எதை என்று ஊகித்ததில்தான் அவர் வழுவினார். நாம் ஓர் இடத்தைத் தேடும்போது அந்த இடத்தையே உற்றுப் பார்ப்போம். குளவியும் அப்படித்தான் செய்யும் என்று எடுத்துக்கொண்டார். அதனால் கண்ணை விலக்கிவிட்டு, பெயரில்லாத ஓர் உணர்வை அங்கே வைக்க வேண்டியதாயிற்று. பெயரில்லாத உணர்வு ஒரு முட்டுச்சந்து. அதற்கப்பால் என்ன சோதனை செய்வது? டின்பெர்கனின் விடையோ உடனே அடுத்த கேள்விகளைக் கொண்டுவந்தது: காய்களையா, அவை அமைந்த வடிவத்தையா, எதைக் குளவி நினைவில் வைக்கிறது? பொருளைவிட அமைப்பையே அது பற்றிக்கொள்கிறது என்று பிற்பாடு நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெவ்வேறு வடிவங்களை அடுக்கிக் காட்டினார்கள்.

ஆனாலும் ஃபாப்ரின் பெம்பெக்ஸ் சோதனை அங்கே முடிந்துவிடவில்லை. அதன் கடைசிப் பகுதி என்னை இன்றும் உலுக்குகிறது. அவர் வளையின் கூரையையே பெயர்த்து எடுத்துவிட்டார். வாசல் இருந்த இடம் மட்டும் மிச்சம். உள்ளேயிருந்த புழு வெயிலில் நெளிகிறது. தாய் ஈயோடு வருகிறாள். இத்தனை நாள் ஊட்டி வளர்த்த தன் புழு கண்முன்னே கிடக்கிறது. அவள் வாசல் இருந்த இடத்தையே மறுபடி மறுபடி தோண்டுகிறாள்; போகிற வழியில் புழுவை மிதித்துக்கொண்டு போகிறாள். வாசல், நடை, அறை, புழு என்ற வரிசையில் வாசல் கிடைக்கவில்லை என்றால் புழுவும் அவளுக்குப் புழுவாகத் தெரிவதில்லை. ஓர் உயிரின் செயல்கள் எப்படி ஒன்றையொன்று கைபிடித்துச் செல்கின்றன என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் வேறொரு சோதனையை நான் படித்ததில்லை. நடத்தையியல் என்ற துறை உருவாவதற்கு முன்பே அத்துறையின் மையக் கேள்வியை ஒரு பள்ளி ஆசிரியர் மணலில் தோண்டி எடுத்திருக்கிறார். அதைக் கேள்வியாக வளர்க்காமல், பூச்சியின் அறியாமைக்குச் சான்றாக எழுதினார் என்பதுதான் வருத்தம். அவருடைய நூலில் ஓர் இயலுக்கு ‘இயல்பூக்கத்தின் ஞானம்’ என்றும் இன்னொன்றுக்கு ‘இயல்பூக்கத்தின் அறியாமை’ என்றும் பொருள்படத் தலைப்பிட்டார். மதிப்பெண் போடும் பழக்கம் ஆசிரியரை விட்டுப் போகவில்லை.

இரையை எடுத்துக்கொண்டால் ஃபாப்ரின் கை ஓங்குகிறது.

மண்குளவி ஒரு புழுவைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூட்டுக்குள் அடைப்பதையும், சில வாரம் கழித்து அந்தக் கூட்டிலிருந்து குளவி வெளிவருவதையும் நம் ஊரில் எத்தனையோ தலைமுறை பார்த்திருக்கிறது. குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகிறது என்று அதற்குப் பொருள் கண்டார்கள். இடைவிடாமல் இறைவனை நினைக்கும் உயிர் இறைத்தன்மை அடைவதற்கு உவமையாக, பிரமர கீட நியாயம் என்ற பெயரில் வேதாந்திகளும் சைவர்களும் அதைக் கையாண்டார்கள். பார்த்த இரண்டு காட்சிகளும் உண்மை. நடுவில் மண்சுவருக்குள் நடந்தது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஐரோப்பாவில் இதே இடைவெளியை வேறு விதமாக நிரப்பினார்கள். லெயோன் டுஃபூர் என்ற மருத்துவர், செர்செரிஸ் குளவியின் வளைகளில் பளபளக்கும் வண்டுகள் அழுகாமல் கிடப்பதைக் கண்டு 1841-ல் எழுதினார். குளவி அவற்றைக் கொன்று, கெடாமல் காக்கும் திரவம் ஒன்றைச் செலுத்துகிறது என்பது அவருடைய விளக்கம்.

அந்தக் கட்டுரை ஒரு குளிர்கால இரவில் ஃபாப்ரின் கைக்கு வந்தது. தன் வாழ்வின் திசையைத் திருப்பியது அந்த வாசிப்புத்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். கூன்வண்டுகளைப் பிடிக்கும் இன்னொரு செர்செரிஸ் குளவியை அவர் தேடிப்போனார். வளையிலிருந்து எடுத்த வண்டுகளின் மூட்டுகள் வளைந்தன, உள்ளுறுப்புகள் கெடவில்லை, மின்கலத்தின் அதிர்வுக்கு உடல் துடித்தது. செத்தவை அல்ல, முடங்கியவை. பிறகு, குளவி இழுத்துவரும் முடங்கிய வண்டை எடுத்துவிட்டு உயிருள்ள வண்டை அதன் இடத்தில் வைத்தார். குளவி அதைப் பற்றி, முதல் இரண்டு கால் இணைகளுக்கு நடுவே கொடுக்கைச் செலுத்தியது. வண்டு கல்லானது. அந்த இடத்தில்தான் கூன்வண்டின் நரம்பு முடிச்சுகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ஃபாப்ர் எழுதுகோல் முனையில் ஒரு துளி அம்மோனியாவை எடுத்து அதே இடத்தில் குத்தினார். நரம்பு முடிச்சுகள் நெருங்கிய வண்டுகள் உடனே முடங்கின. முடிச்சுகள் பிரிந்திருக்கும் தரை வண்டுகள் துடித்துவிட்டுப் பிறகு தேறின. 1855-ல் வெளிவந்த இந்த ஆய்வு ஊகம், மாற்றுச் சோதனை, ஒப்பீடு என்று முறைப்படி நடந்தது. டின்பெர்கனின் பைன் காய் வட்டத்துக்கு எந்த விதத்திலும் இது குறைந்ததல்ல. ஃபாப்ரைக் கதைசொல்லி என்று மட்டும் புகழ்வோர் இந்த எழுதுகோல் முனையை மறந்துவிடுகிறார்கள்.

பின்னாளில், குளவியின் கொடுக்கு மாறாத துல்லியம் கொண்டது என்று அவர் வலியுறுத்தினார். முதல் குளவியே பிழையின்றிக் குத்தியிருக்க வேண்டும், இல்லையேல் சந்ததி இல்லை, ஆகவே படிப்படியான பரிணாமம் பொருந்தாது என்பது அவருடைய வாதம். அவரை ஒப்பற்ற கவனிப்பாளர் என்று எழுதியவர் டார்வின். இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஆனால் ஃபாப்ர் கடைசிவரை பரிணாமத்தை ஏற்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜார்ஜ் பெக்கமும் எலிசபெத் பெக்கமும் 1898-ல் வெளியிட்ட நூல் அந்த வாதத்தின் அடித்தளத்தை அசைத்தது. குத்தும் இடமும் எண்ணிக்கையும் குளவிக்குக் குளவி மாறுகின்றன. சில இரைகள் செத்தே போகின்றன. செத்ததைத் தின்றும் புழு நன்றாக வளர்கிறது. பலவற்றைப் பார்த்துச் சராசரியையும் சிதறலையும் எழுதும் பழக்கம் ஃபாப்ரிடம் குறைவு. தேர்ந்த ஒரு நிகழ்ச்சியை முழுமையாகச் சொல்வதே அவருடைய பலம். பலவீனமும் அதுதான்.

இருவரும் ஒரே பூச்சியை நோக்கிய இடமும் ஒன்றுண்டு. டின்பெர்கனின் ஃபிலாந்தஸைப் பற்றி ஃபாப்ர் தன் பத்துத் தொகுதி நூல்வரிசையின் நான்காம் தொகுதியில் எழுதினார். குளவியையும் தேனீயையும் ஒரு கண்ணாடிக் கவிப்புக்குள் விட்டுப் பார்த்தார். குளவி தேனீயின் தாடைக்கு அடியில் குத்துகிறது; பிறகு அதன் வயிற்றை அழுத்தி, வாய்வழி வரும் தேனை நக்கிக் குடிக்கிறது. இந்தக் காட்சியை ஃபாப்ர் அளவுக்கு நெருங்கிப் பார்த்தவர் அதற்கு முன் இல்லை. தேன் தன் புழுவுக்கு ஆகாது என்பதால் அதைப் பிழிந்துவிட வேண்டும், அதற்காகவே மற்றக் குளவிகளைப் போல முடக்காமல் கொல்கிறது என்று முடிவு கட்டினார். அது பொருந்தவில்லை, ஃபிலாந்தஸின் நஞ்சு தேனீயை முடக்குகிறது, கொல்வதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

டின்பெர்கன் கண்ணாடிக் கவிப்பைத் தவிர்த்தார். பூக்களுக்கிடையே பறக்கும் குளவி தேனீயை எப்படி அறிகிறது என்பதே அவர் கேள்வி. நூலில் கட்டிய தேனீக்களையும் ஈக்களையும் குச்சிகளையும் தொங்கவிட்டார். அசையும் சிறு உருவம் எதுவானாலும் குளவி முதலில் கண்ணால் கண்டு நெருங்கியது. பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தூரத்தில், காற்று வரும் திசைக்கு எதிரே அந்தரத்தில் நின்றது. அங்கே தேனீயின் மணம் வந்தால் பாய்ந்தது, வராவிட்டால் விலகியது. மணம் போக்கப்பட்ட தேனீயை விட்டுவிட்டது. தேனீ மணம் ஏற்றிய பொய்யுருவின்மேல் பாய்ந்தது. ஆனால் அதைக் கொட்டவில்லை. பிடித்தபின் தொட்டறியும் மூன்றாவது சோதனை ஒன்று இருந்தது. கண், மூக்கு, தொடுகை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு புலன் காவல் நிற்கிறது.

பெம்பெக்ஸ் தாய் தன் புழுவை மிதித்துச் சென்றதற்கான விளக்கம் இங்கேதான் இருக்கிறது. முந்தைய கட்டம் நிறைவேறாமல் அடுத்த கட்டத்தின் அடையாளம் குளவிக்கு எட்டாது. இதை அறியாமை என்று அழைப்பதில் பயனில்லை. எந்தக் கட்டத்தில் எந்த அடையாளம் என்று கேட்டால் குளவி விடை சொல்கிறது. டின்பெர்கனின் 1932-ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேடு 32 பக்கம்தான். அந்தச் சின்ன ஆய்வேட்டில் தொடங்கிய கேட்கும் முறையே 1963-ல் அவர் வகுத்த நான்கு கேள்விகளாக முதிர்ந்தது: ஒரு நடத்தையை எது தூண்டுகிறது, அதனால் உயிருக்கு என்ன பயன், தனி உயிரில் அது எப்படி வளர்கிறது, இனத்தில் அது எப்படிப் பரிணமித்தது. லோரன்ஸ், ஃபான் ஃப்ரிஷ் ஆகியோருடன் 1973-ல் நோபல் பரிசைப் பகிர்ந்தவரின் வேலையில் ஹுல்ஸ்ஹோர்ஸ்ட் மணல் கடைசிவரை ஒட்டியிருந்தது.

ஃபிலாந்தஸ் இருவருக்கும் பிடிகொடுக்காமல் வைத்திருந்த செய்திகளும் உண்டு. முடங்கிய தேனீ ஈரமான வளைக்குள் ஏன் பூஞ்சை பிடிப்பதில்லை? தாய் தன் தலைச் சுரப்பியிலிருந்து வரும் எண்ணெய்ப் பசையை நக்கி நக்கித் தேனீயின் உடல் முழுவதும் பூசுகிறாள். அதனால் அதன்மேல் ஈரம் படிவது குறைகிறது. முட்டையும் சும்மா இருப்பதில்லை. நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளியிட்டுப் பூஞ்சையைக் கொல்கிறது என்று 2019-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கெடாமல் காக்கும் பொருள் ஒன்று உண்டு என்ற டுஃபூரின் எண்ணம் அவர் குளவிக்குப் பொருந்தாமல் போனாலும், வேறொரு குளவியில் இப்படி உண்மையாயிற்று.

ஃபாப்ரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு உலகம் சுற்றிய சோதனை இன்னொன்று. சுவர்க்கோழியைப் பிடிக்கும் ஸ்ஃபெக்ஸ் குளவி, இரையை வளை வாசலில் வைத்துவிட்டுத் தனியாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து பிறகே இழுத்துச் செல்லும். அது உள்ளே இருக்கும்போது ஃபாப்ர் சுவர்க்கோழியைச் சற்றுத் தள்ளி வைத்தார். குளவி வெளியே வந்து, இரையை மறுபடி வாசலுக்குக் கொண்டுவந்து வைத்து, மறுபடி தனியாக உள்ளே போனது. நாற்பது முறை தள்ளி வைத்தார். நாற்பது முறையும் அதையே செய்தது. 1963-ல் டீன் வூல்ட்ரிட்ஜ் மூளையைப் பற்றி எழுதிய நூலில் இது இடம்பெற்றது. பிறகு அறிவாற்றல் அறிவியலாளர் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாடரும் தத்துவவாதி டேனியல் டென்னட்டும் சிந்தனையற்ற இயந்திரத்தனத்துக்கு எடுத்துக்காட்டாக இதைக் கையாண்டார்கள். அவர்கள் வழியாகக் கணினியியல் மாணவர்கள்வரை இந்தக் குளவி போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஃபாப்ர் எழுதியது இதோடு நிற்கவில்லை. வேறொரு குளவிக் கூட்டத்திடம் அதே சோதனையைச் செய்தபோது, இரண்டு மூன்று முறைக்குப் பிறகு குளவி உள்ளே போவதை விட்டுவிட்டு, சுவர்க்கோழியின் உணர்கொம்பைப் பற்றி நேராக வளைக்குள் இழுத்துக்கொண்டு போனது என்று அவரே பதிவு செய்திருக்கிறார். தன் முடிவுக்கு எதிரான காட்சியை மறைக்காமல் எழுதிவைத்தவர் அவர். மேற்கோள் காட்டியவர்கள்தான் பாதியை விட்டுவிட்டார்கள். ஒரு கவனிப்பாளருக்குச் செய்யக்கூடிய அநீதிகளில் இது பெரியது. குளவிக்கும் இது அநீதிதான்.

விடுபட்ட அந்தப் பாதியைக் கையில் எடுத்தது போல அமைந்தது டின்பெர்கனின் மாணவர் ஜெரார்ட் பெரெண்ட்ஸின் வேலை. அவரும் ஹுல்ஸ்ஹோர்ஸ்ட் மணலில்தான் ஆராய்ந்தார். புழுக்களை வேட்டையாடும் அம்மோஃபிலா அவருடைய குளவி. ஒரே தாய் இரண்டு மூன்று வளைகளை ஒரே காலத்தில் பராமரிக்கிறாள். ஒன்றில் முட்டை, ஒன்றில் சிறு புழு, ஒன்றில் பசி மிகுந்த பெரிய புழு. பெரெண்ட்ஸ் வளைகளுக்குப் பதில் திறந்து மூடக்கூடிய பிளாஸ்டர் கூடுகளைப் பதித்து, தாய்க்குத் தெரியாமல் உள்ளிருப்பதைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். 1941-ல் வெளியான முடிவு இது: காலையில் இரை எதுவும் இல்லாமல் தாய் ஒருமுறை வளைக்குள் போகிறாள், அன்றைக்கு எத்தனை புழு கொண்டுவருவது என்பதை அப்போது காண்பது தீர்மானிக்கிறது. அந்த வருகைக்கு முன் உணவை எடுத்துவிட்டால் கூடுதலாகக் கொண்டுவருகிறாள், நிறைத்துவிட்டால் குறைத்துக்கொள்கிறாள். அதற்குப் பின் செய்யும் மாற்றம் எதுவும் அன்று அவள் வேலையைத் தொடுவதில்லை. புழுவோடு திரும்பத் திரும்ப உள்ளே வருகிறாள், நிரம்பி வழிவதையோ காலியாகக் கிடப்பதையோ கடந்து போகிறாள். ஃபாப்ரின் இரண்டாவது கூட்டம் காட்டிய நெகிழ்வும், முதலில் அவர் கண்ட பிடிவாதமும் ஒரே குளவியிடம் ஒரே நாளில் இருந்தன, காலையில் ஒன்றும் பகலில் மற்றொன்றுமாக.